இளம்பருவமும் திலகவதியார் பொறையும்

மார்கழி விடியலில் திருவெம்பாவை ஓதும் ஒலி தெருவிற் கேட்கும்பொழுது, பதினைந்தாட்டை மகன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு உறங்குவானாயின், அடியார் மரபிற் பிறந்த தந்தையார் உள்ளம் நோதல் இயல்பே. சின்னாட்களில் அம்மகன் நீறணிதலையும் விட்டு, ஏன் அணிதல் வேண்டும் என்று வினவவுந் தலைப்படுவான். மழலை மாறாத வாயால் தேவாரம் பாடிய பிள்ளை எங்கே போயிற்று என்று தாயார் அரற்றுவர். இத்துயர் சைவ இல்லங்கள் பலவற்றில் உள்ளது. வெளியே சொல்லப்படாமையின் உள்ளே பெருகுகின்றது.

உறக்கத்தைப் பொறுத்தமட்டில் அப்பிள்ளைமேற் பிழை சிறிதே. பூப்புப் பருவத்தில், துயிலை வருவிக்கும் மெலடோனின் என்னுஞ் சுரப்பு இரவிற் காலந்தாழ்த்தே சுரக்கின்றது என்றும், 8 முதல் 10 மணிநேரத் துயில் அவ்வுடற்கு வேண்டும் என்றும் இக்கால உடல்நூலார் கண்டுள்ளனர். திருவெம்பாவையில் துயிலெழுப்பப்படுவாரும் இளங்கன்னியரே என்பதை அத்தந்தையார் நினைந்து சிறிது ஆறலாம்.

மூளையின் வளர்ச்சி இன்னும் நுட்பமானது. உணர்ச்சிக்கும் இன்பநாட்டத்திற்கும் உரிய பகுதிகள் முன்னரே விழித்துக்கொள்கின்றன. பின்விளைவு நோக்கி அடக்கும் நெற்றிப்புறப் பகுதியோ ஏறத்தாழ 25 அகவை அளவிலேதான் முதிர்வெய்துகின்றது. குதிரை முன்னே வந்துவிடப் பாகன் பின்னர் வந்து சேர்வது போலும் இது. நம் பாட்டியல் நூலார் மகளிர் பருவம் வகுத்தபோது, 8 முதல் 19 வரையுள்ள ஆண்டுகளைப் பெதும்பை, மங்கை, மடந்தை என முக்கூறாக்கி, 12, 13 ஆகிய ஈராண்டிற்கே மங்கை எனத் தனிப்பெயர் இட்டதும் அம்மாற்றத்தின் விரைவறிந்தே போலும். எல்லாப் பிழையையும் பருவத்தின்மேல் ஏற்றிவிட்டு வாளாவிருப்பாரும் உளர். அவர்க்குக் கூறுதற்கு ஒன்றுமில்லை.

நொந்த தந்தையார், சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்தைத் திறந்து, திருநாவுக்கரசர் வரலாற்றின் முற்பகுதியை மீண்டும் ஓதுவாராக. திருவாமூரிற் புகழனாரும் மாதினியாரும் மறைந்தனர். திலகவதியார்க்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போரில் மாண்டார். உயிர்விடத் துணிந்த தமக்கையாரின் அடிகளில் வீழ்ந்து, தாம் அவர்க்கு முன்னரே இறப்பதாகப் புலம்பிய சிறுவரே மருணீக்கியார். அவர் வாழ்தற்பொருட்டே அம்மையார் உயிர் தாங்கினார்.

அங்ஙனம் பிரிவாற்றாது கதறிய பிள்ளையே, வளர்ந்தபின் உலகின் நிலையாமை உணர்ந்து, பொருளை அறச்சாலைக்கும் தண்ணீர்ப்பந்தர்க்கும் வழங்கி, மெய்ந்நெறி யாதெனத் தேடிப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளி புகுந்தார், தமக்கையார் தனியராயினார். இதனைத் தீயொழுக்கத்தின் விளைவெனச் சேக்கிழார் கூறிற்றிலர். தேடிய உள்ளத்திற்கு இறையருள் அப்பொழுது கூடாமையே காரணம் என்றார்.

திலகவதியார் பாடலிபுத்திரஞ் சென்று தம்பியை ஈர்த்து வந்தாருமல்லர். உறவு அற்றது என்று ஒதுக்கினாருமல்லர். கெடிலக்கரைத் திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, அலகிட்டும் மெழுகியும் மாலை தொடுத்தும் பணிசெய்து, தம்பியை ஆட்கொள்ளுமாறு இறைவனை வேண்டியிருந்தார். இறைஞ்சியிருந்த அவ்வாண்டுகளில் அவர் கை ஓய்ந்திருந்ததில்லை.

சூலைநோயால் வருந்திய தம்பி ஆள்விடுத்தபோதோ, அப்பள்ளிக்கு வாரேன் என மறுத்துவிட்டார். இவ்விடத்தை விரைந்து ஓதிக் கடப்பார் பலர். நின்று நோக்கத்தக்கது இதுவே. தம்பியோ உயிர் துடிக்க நோயுற்றவர். தமக்கையோ அவர்பொருட்டே உயிர் வைத்திருப்பவர். ஆயினும் தாம் செல்லாத இடம் ஒன்று உண்டென்பதை ஒளியாது கூறினார். தம்பி வருதற்குரிய வாயிலை மட்டும் அடைத்தாரல்லர்.

பிறர் அறியாமே இரவில் வந்து அடிவீழ்ந்த தம்பியார் வழிதவறி உழன்றதை ஒரு சொல்லாற் குறித்து, அவ்வாய்மொழியிலேயே எழுந்திருக்கவும் பணித்தார். இளையோரிடத்தும் அச்சொல் மதிப்புப் பன்மையில் அமைந்திருத்தல் காண்க. பின்னர் ஐந்தெழுத்து ஓதித் திருநீறு அளித்தார். பள்ளியெழுச்சிக்கு முன்னர், இருள் புலராப் பொழுதில், திருவலகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு அம்மையார் திருக்கோயிலுக்கு நடக்க, தம்பியார் பின்னே சென்றார்.