படகுக்கு ஒரு ஒதுக்கிடம்

மத்தியதரைக் கடலில் இயந்திரப் படகு வைத்திருப்போர், அதைக் கட்டிவைக்க இடம் தேடும்போது முதலில் பார்ப்பது காற்றைத்தான். வாடகை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் அதற்குப் பிறகே.

மோல்டாத் தீவின் பெருந்துறைமுகம் வடகிழக்கே திறந்திருக்கிறது. குளிர்காலத்தில் அத்திசையிலிருந்து 'கிரெகாலே' காற்று வீசினால் அலை உள்ளே புகும். அதனால் உள்ளே ஒதுங்கியிருக்கும் பிர்கு ஊரின் படகுத்துறை நல்ல தெரிவு.

இன்று உல்லாசப் படகுகள் வரிசையாக நிற்கும் இக்கரையில் 1940 முதல் 1942 வரை குண்டுமழை பொழிந்தது. சனங்கள் பாறையைக் குடைந்து பதுங்குகுழி அமைத்தார்கள். பிர்குவில் அதை இப்போது நூதனசாலையாகப் பார்க்கலாம். உள்ளே பிரசவ அறையும் உண்டு.

மேலே படகுக்கு ஒதுக்கிடம் தேடுகிறார்கள். கீழே, பிள்ளைக்கு ஒதுக்கிடம் தேடிய தாய்மாரின் அறை அப்படியே இருக்கிறது.