அளவறிந்து ஏறுவோம்

பள்ளி திறக்கும் மாதத்தில் நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பாவாடைத் துணியைக் கொடுக்கும்போதே, "வளர்ற பிள்ளை, ரெண்டு மடிப்பு வச்சுத் தைங்க" என்று அம்மா தையற்காரரிடம் சொல்லிவிடுவார். ஷூவும் ஓர் அளவு பெரிதாகவே வாங்கப்படும். இந்தச் சிக்கனத்தில் குற்றம் ஒன்றுமில்லை. மடிப்பைப் பிரித்தால் பாவாடை நீளும். நுனியில் பஞ்சு வைத்தால் ஷூ பொருந்தும். ஆனால் இதே நியாயத்தைச் சைக்கிளுக்கும் சொல்லலாமா? சொல்லக்கூடாது என்பதை எங்கள் அனுபவத்தைக் கொண்டே தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நாங்கள் அக்காளும் தங்கையுமாக இருவர். சின்னமனூருக்கு அருகே, வாழைத் தோப்புகளுக்கு நடுவே எங்கள் வீடு. தெற்கே நிமிர்ந்து பார்த்தால் மேகமலை. அடிவாரத்துத் தென்பழனியைக் கடந்தால் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவின் பெயர். மேலே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தேயிலைத் தோட்டங்கள். 2021ஆம் ஆண்டு முதல் இம்மலைக்காடுகள் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கியுள்ளன. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், வளைந்த கைப்பிடியும் மெல்லிய சக்கரமும் கொண்ட ரோடு பைக்குகளில் சிலர் அந்தச் சாலையை நோக்கிப் போவார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கும் ஆசை முளைத்தது.

ஆசையை அப்பாவிடம் சொன்னோம். "ஏத்தா, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வண்டிதான் என்னால முடியும்" என்றார். அதுவே எங்களுக்குப் பெரிது. செய்தி கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பாவின் காதுக்கு எட்டியது. "எதுக்குக் காசு செலவு? என்னோட பழைய ரோடு பைக் சும்மாதான் நிக்குது, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று தொலைபேசியில் சொன்னார். சித்தப்பா ஆறடி உயரம். அவருடைய வண்டியின் ஃபிரேம் அளவு 56.

அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "சும்மா வர்றதை வேண்டாம்னு சொல்வாங்களா? சீட்டை இறக்கி வச்சுக்கிட்டா முடிஞ்சது" என்றார். அன்போடு கொடுப்பதை மறுப்பது எளிதன்று. மறுப்பதானால் காரணம் வலுவாக இருக்க வேண்டும். ஆகவே 56 என்றால் என்னவென்று ஆராயத் தொடங்கினோம்.

ஃபிரேம் அளவு என்பது சக்கரத்தின் அளவன்று. பெடல்கள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து, சீட்டுக் கம்பி இறங்கும் குழாயின் மேல்முனை வரை உள்ள நீளமே அது. ரோடு பைக்கில் அதைச் சென்டிமீட்டரில் சொல்வார்கள்; நம் ஊர்க் கறுப்புச் சைக்கிளில் அங்குலத்தில் சொல்வார்கள். 56 சென்டிமீட்டர் என்பது 22 அங்குலம். இதைக் கணக்கிட்டதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் தாத்தா பால் கொண்டுபோகும் சைக்கிளும் அதே 22 அங்குலந்தான்! சிறுவயதில் அதன் சீட்டில் உட்கார எட்டாமல், கம்பிக்குக் கீழே ஒரு காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டோமே, அதே அளவு. மேகமலை இறக்கத்தில் குரங்குப் பெடல் உதவுமா?

அடுத்து எங்களை நாங்களே அளந்தோம். தையல் வகுப்பில் சிஸ்டர் கற்றுத்தந்த அளவு நாடா இங்கே கைகொடுத்தது. செருப்பில்லாமல் சுவரோரம் நிமிர்ந்து நின்று, பாதங்களைச் சற்றே அகற்றி, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே சீட்டைப்போல் மேல்நோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை உள்ள தூரமே உட்கால் நீளம். அக்காளுக்கு 75 சென்டிமீட்டர், தங்கைக்கு 72. உயரத்தை மட்டும் பார்த்து வண்டி வாங்குவது போதாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும், மற்றவருக்கு உடல் நீளமாகவும் இருக்கலாம் அல்லவா?

உட்கால் நீளத்தை 0.65ஆல் பெருக்கினால் ரோடு பைக்கின் ஃபிரேம் அளவு தோராயமாகக் கிடைக்கும். அக்காளுக்கு 48.75, தங்கைக்கு 46.8. இருவருக்கும் பொதுவாக 48 பொருந்தும். சித்தப்பாவின் 56க்கு உட்கால் 86 சென்டிமீட்டர் வேண்டும்! அவருடைய வண்டியின் மேல்கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்டோம். அளந்து பார்த்து 80 என்றார். 72 சென்டிமீட்டர் காலுடன் அதன் குறுக்கே நின்றால் பாதம் தரையில் பதியாது. வழியில் மாடு குறுக்கே வந்து சட்டென்று நிற்க நேர்ந்தால் என்ன ஆகும்? கம்பிக்கும் நமக்கும் இடையே இரண்டு விரற்கடையாவது இடைவெளி வேண்டும் என்பது பாதுகாப்பு விதி.

"சீட்டை இறக்கினால் போதாதா?" என்ற அம்மாவின் கேள்விக்கு விடை இதுதான்: சீட்டு இறங்கும், மேல்கம்பி இறங்காது, குறுகாது. பெரிய ஃபிரேமில் கைப்பிடியும் தொலைவில் இருக்கும். அதை எட்டிப் பிடிக்க முழங்கை விறைத்துக்கொள்ளும். கழுத்தும் தோளும் வலிக்கும். முழங்கை சற்றே மடிந்திருந்தால்தான் சாலையின் அதிர்ச்சியைக் கை தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரேக்! இறக்கத்தில் விரல்கள் எந்நேரமும் பிரேக்கை எட்டும் நிலையில் இருக்க வேண்டும். 18 வளைவுகள் உள்ள சாலையில் அது உயிர் காக்கும் விஷயம்.

இவ்வளவு சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் தோழி ஒருத்திக்கு அவளுடைய அண்ணனின் பெரிய சைக்கிளைக் கொடுத்தார்கள். கால் நுனி மட்டுமே தரையைத் தொடும். ஒருநாள் வாய்க்கால் கரையில் சாய்ந்து விழுந்தாள். காயம் சிறிது, ஆனால் "இவளுக்குச் சைக்கிள் வராது" என்ற பேச்சு பெரிதாகிவிட்டது. அன்று முதல் அவள் பேருந்துக்குக் காத்து நிற்கிறாள். தவறவிட்டால் விடுப்பு எடுக்கிறாள். அவளுக்குச் சைக்கிள் வராமலில்லை. அந்தச் சைக்கிள்தான் அவளுக்குரியதன்று. பொருளின் அளவில் உள்ள குறையைப் பெண்ணின் திறமையில் ஏற்றிச் சொல்வது எவ்வளவு எளிதாக நடந்துவிடுகிறது!

சைக்கிள் பெண்களுக்கு என்ன செய்யும் என்பதை நம் மாநிலம் முன்பே கண்டிருக்கிறது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத்தந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலும் ஏறினார்கள். குழந்தையை முன்கம்பியில் உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கிடைத்ததை வசப்படுத்திய அத்தாய்மார் வணக்கத்துக்குரியவர்கள். 2001-02இல் தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கி, பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் அதை விரிவாக்கியது. அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்ற பெண் பொறியாளர், உயரம் குறைந்த பெண்களுக்கென்று முன்சக்கரத்தைச் சிறிதாக்கிப் புதுவகை ஃபிரேம் கட்டி, 1985இல் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். வண்டிக்குத் தக்கபடி பெண் வளைய வேண்டியதில்லை. பெண்ணுக்குத் தக்கபடி வண்டியைக் கட்டலாம் என்பதே அவர் காட்டிய வழி.

கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சித்தப்பாவுக்கு அனுப்பினோம். வருத்தப்படுவாரோ என்று அஞ்சியபடி இருந்தோம். மாலையில் பேசினார். "சரியாச் சொன்னீங்கம்மா. என் சட்டையை உங்களுக்குப் போட்டுவிடற மாதிரிதான் இது" என்று சிரித்தார். தம் வண்டியை விற்று, அந்தப் பணத்தை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா கொஞ்சம் சேர்த்தார். 48 அளவுள்ள பழைய வண்டி ஒன்று மதுரையில் கிடைத்தது.

வாங்குமுன் மூன்றைச் சோதித்தோம். முதலாவது, குறுக்கே நின்று கம்பிக்கு மேல் இடைவெளி பார்த்தோம். இக்கால வண்டிகளில் மேல்கம்பி சீட்டுப் பக்கம் சரிந்திருப்பதால் நமக்கு வசதி. ஆனால் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பாமல் ஏறியே பார்க்க வேண்டும். இரண்டாவது, பிரேக் விரலுக்கு எட்டுகிறதா என்று பார்த்தோம். பல வண்டிகளில் அதை அருகே கொண்டுவரத் திருகு இருக்கும். மூன்றாவது, மெதுவாகத் திரும்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்கிறதா என்று பார்த்தோம். சிறிய ஃபிரேமில் பெரிய சக்கரம் இருந்தால் இது நேரும்.

சீட்டின் உயரத்துக்கும் கணக்குண்டு. உட்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்கினால், பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேற்புறம் வரை இருக்க வேண்டிய தூரம் வரும். 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் தூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற கிரெக் லெமாண்ட் வழியாகப் பரவிய கணக்கு இது. அக்காளுக்கு 66.2, தங்கைக்கு 63.6. சீட்டுக் கம்பியில் இரண்டு கோடுகள் போட்டுக்கொண்டோம். யார் ஓட்டுகிறோமோ அவர் கோட்டுக்குச் சீட்டு வரும். அப்பா மோட்டார் சைக்கிளில் பின்தொடர, வளைவுக்கு ஒருவராக மாறி மாறி ஆறாவது வளைவு வரை ஏறிவிட்டோம். மீதிப் பூக்கள் காத்திருக்கின்றன.

அன்புத் தோழியரே! முதல் சைக்கிள் வாங்கும்போது நிறத்தைப் பிறகு பாருங்கள். முதலில் அளவு நாடாவை எடுங்கள். பெற்றோர்களே! "வளரும் பிள்ளை" என்று பெரிதாக வாங்காதீர்கள். இன்றைய காலுக்கு இன்றைய வண்டி. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். காலுக்குத் தகுந்த சைக்கிள் என்று நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம்.

பேருந்துக்குக் காத்து நிற்கும் எங்கள் தோழியையும் அளந்து பார்த்தோம். உட்கால் 70. சென்ற மாதம் பள்ளி மைதானத்தில் எங்கள் வண்டியில் ஏறினாள். முதல் சுற்றில் பிடித்துக்கொண்டு ஓடினோம். மூன்றாம் சுற்றில் பிடிக்க விடவில்லை. சீட்டுக் கம்பியில் இப்போது மூன்று கோடுகள் இருக்கின்றன.