குழாயா, கெட்டிக் கம்பியா?

பூந்தமல்லி பைபாஸ் ஓரப் பட்டறையில், ஜாக்கியில் நிற்கும் பிக்கப் ஒன்றின் அடியிலிருந்து ஸ்டெபிலைசர் ராடைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் வளைந்த கம்பி அது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் அதற்கு வேலையில்லை. வளைவில் பாரம் ஒரு பக்கம் அழுத்தும்போது முறுக்கிக்கொண்டு, வண்டி சாய்வதைக் குறைக்கும்.

“ராடு போச்சுன்னு வருவாங்க சார், பார்த்தா புஷ்தான் தேஞ்சிருக்கும்” என்றார் மேஸ்திரி. வேகத்தடையில் ‘டக் டக்’ என்றால், முதலில் ரப்பர் புஷ்ஷையும் லிங்க்கையும் ஆட்டிப் பார்க்கிறார். என்னிடம் இரண்டு ராடுகளை நீட்டினார். முனைகள் இரண்டிலும் தட்டையாகத்தான் இருந்தன; தூக்கியதும் ஒன்று குழாய் என்று தெரிந்துவிட்டது.

முறுக்கைத் தாங்குவதில் பெரும்பங்கு கம்பியின் வெளிப்பகுதிக்குத்தான்; நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது. விறைப்போ விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 25 மி.மீ. கெட்டிக் கம்பிக்குப் பதில், 28 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. சுவரும் உள்ள குழாய் போட்டால் விறைப்பு 97 சதவீதம் கிடைக்கும். எடை பாதிக்கும் கீழே. ஒன்றரை மீட்டர் ராடில் 3 கிலோ மிச்சம். ஆனால் அதே முறுக்கில் குழாயின் வெளித்தோல் 15 சதவீதம் கூடுதல் அழுத்தம் வாங்குகிறது. அதை ஈடுகட்டுவது எஃகின் தரமும் சூட்டு வேலையும்தான்.

இந்த வட்டாரத்துக்குக் குழாய் புதிதல்ல. 1955-இல் ஆவடியில் தொடங்கிய டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, எஃகுத் தகட்டைச் சுருட்டி, விளிம்புகளை மின்சாரத்தால் பற்றவைத்து, அச்சில் இழுத்துத் துல்லியக் குழாய் செய்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டின் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை ஒன்றில் உலை பார்ப்பவரிடம் ராடுகளைப் பற்றிக் கேட்டேன். “குழாய் சீக்கிரம் காயும், சீக்கிரம் ஆறும். நேரம் தப்புனா கோணிக்கும் சார்.” எண்ணெயில் தோய்த்து மறுபடி மிதமாகச் சூடாக்கிய ராடின் மேல் சிறு எஃகுக் குண்டுகளை வீசியடிப்பார்கள், அதனால் மேற்பரப்பில் விரிசல் எளிதில் பிறக்காது. குழாயின் உள்சுவர் அந்த அடிக்கு எட்டாது. அங்கே துரு பிடித்தாலும் வெளியே தெரியாது.

பட்டறைக்குத் திரும்பியபோது ஓட்டுநர் ஒருவர், “அண்ணே, ராத்திரி கோயம்பேடு லோடு இருக்கு, வெல்டு வச்சுக் குடுங்க” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மேஸ்திரி மறுத்துவிட்டார். பற்றவைக்கும் சூட்டில் உலைக்காரர் ஏற்றிய பதம் இறங்கிவிடும். கெட்டிக் கம்பிக்கும் இதே கதிதான்.

டன் கணக்கில் ஏற்றும் வண்டிக்கு 3 கிலோ பெரிதில்லை. ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் கம்பெனிக்குத்தான் அது கணக்கு. ஓட்டுநர் பார்க்க வேண்டியது அளவை. பழைய 25 மி.மீ. கெட்டிக் கம்பியின் இடத்தில், அதே பருமனில் 3 மி.மீ. சுவர்க் குழாயை மலிவென்று மாட்டினால் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். “கம்பெனி என்ன போட்டுச்சோ, அதையே வாங்கிட்டு வா தம்பி” என்று மேஸ்திரி பார்ட் நம்பரை எழுதிக் கொடுத்தார்.