மாமா வாங்கிய இரட்டைக்குழல் றைபிள்

பழைய கடதாசிகளைத் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது, மாமாவின் துவக்கு அனுமதிப்பத்திரம் கையில் அகப்பட்டது. ஓரங்கள் செல்லரித்திருந்தன. ஆண்டு மட்டும் தெளிவாக இருந்தது: 1979. அப்போது எனக்குப் பத்து வயது.

மாமா வன்னியில் குளத்துக்குக் கீழே வயல் செய்தவர். கதிர் முற்றும் காலத்தில் யானைகள் இறங்கும். முந்திய போகத்தில் பக்கத்து வயற்காரரைக் காவற் கொட்டிலோடு சேர்த்து யானை மிதித்துவிட்டது. மாமாவிடம் இருந்ததோ பன்றிக்கு மட்டும் உதவும் இடியன் துவக்கு. அதன் பின்னர் மாமிக்கு இரவு நித்திரை இல்லாமற் போயிற்று.

அந்நாட்களில்தான் மலைநாட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் பின்னர் தோட்டத்துரைமார் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். அவ்வாறு போன ஒருவர் தமது இரட்டைக்குழல் றைபிளைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் கொடுத்துச் சென்றிருந்தார். கிளாக்கர் அதை விற்க விரும்பினார். மாமா, வேட்டை அனுபவமுள்ள ஒரு முதியவரையும் என்னையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் பஸ் ஏறினார். அந்த முதியவரை ஊரே 'அப்பு' என்றுதான் அழைக்கும்.

அப்பு துவக்கைப் பார்த்த விதம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. முதலில் குழல்களைக் கழற்றினார். அவற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உட்புறச் சுருள்வரிகள் கூராக உள்ளனவா, பழைய மருந்தின் உப்பு அரித்த குழிகள் உண்டா என்று பார்த்தார். பின்னர் குழல்களை ஒரு விரலில் தொங்கவிட்டு நகத்தால் தட்டினார். கோயில் மணிபோல ஒலித்தது. இரு குழல்களையும் இணைக்கும் ஈயப்பற்று விட்டிருந்தால் ஒலி அடைத்துப் போகும் என்றார். கட்டையின் கழுத்தில் வெடிப்பு உண்டா என்று பெருவிரலால் தடவினார். மீண்டும் பூட்டி, மூட்டு ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார்.

"தம்பி, இது ஒண்டில்லை, இரண்டு துவக்கு. இரண்டு குழல், இரண்டு விசை. ஒண்டு கைவிட்டாலும் மற்றது நிக்கும்," என்றார்.

பாய்ந்துவரும் மிருகத்தின் முன் இரண்டாவது வெடிக்குக் கணமும் தாமதம் இல்லை என்பதே இவ்வகை றைபிளின் பெருமை. 470 என்னும் அந்த அளவின் குண்டு 32 கிராம் நிறையுடையது. துவக்கோ ஐந்து கிலோவை அண்மித்தது. இரு குழல்களும் ஒரே புள்ளியில் சுடும்படி, சுட்டுச் சுட்டுப் பார்த்தே கம்மியர் அவற்றை இணைப்பார்கள். அதுவும் ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கு மட்டுமே பொருந்தும். வேறு தோட்டா போட்டால் குறி பிரிந்துவிடும்.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. கிளாக்கரிடம் எஞ்சியிருந்தவை ஏழு தோட்டாக்கள். கைனொக் கம்பனி இவ்வகைப் பெருந்தோட்டாக்கள் செய்வதை ஏலவே நிறுத்திவிட்டிருந்தது. பரீட்சித்துப் பார்த்தால் ஏழு ஐந்தாகும். பாராமல் வாங்கினால் நம்பமுடியாது. மாமா நெடுநேரம் யோசித்துவிட்டுச் சுடச் சொன்னார். ஐம்பது யார் தூரத்தில் மாட்டிய கடதாசியில் இரண்டு துளைகள், நான்கு விரலிடையில் விழுந்தன. இரண்டு மாடுகளை விற்ற பணம் கைமாறியது.

அந்தத் துவக்கால் மாமா ஒரு யானையையேனும் சுடவில்லை. சட்டமும் இலகுவில் விடாது; அவருக்கும் மனம் வரவில்லை. தீப்பந்தமும் தகரச் சத்தமுமே யானைகளைத் திருப்பின. துவக்கு கொட்டிலில் சாய்ந்திருந்தது. மாமி மட்டும் நிம்மதியாக உறங்கினாள்.

1984இல் ஓர் இரவு இளைஞர்கள் வந்தார்கள். ஊரில் அனுமதிப்பத்திரம் உள்ள துவக்குகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்தவர்கள். மாமா மறுபேச்சின்றி எடுத்துக் கொடுத்தார். "தோட்டா எங்கை ஐயா?" என்று கேட்டார்கள். "யானைக்கு வெடிச்சு முடிஞ்சுது தம்பி," என்றார். அவர்களுள் ஒருவன் மாமாவிடமே கணக்குப் படித்தவன். அவன் அவரை உற்றுப் பார்த்தானாம். ஒன்றும் சொல்லாமற் போய்விட்டானாம். விடியுமுன் ஐந்து தோட்டாக்களும் குளத்தின் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இதை மாமா என்னிடம் சொன்னது பல ஆண்டுகளின் பின்னர், இடம்பெயர்ந்து வவுனியாவில் இருந்தபோது. "பொய் சொன்னனான்தான்," என்றார். "அதாலை எந்தப் பிள்ளையும் சாகக்கூடாது எண்டு நினைச்சன். வேறை என்னத்தைச் செய்ய?"

ஊருக்கு ஊர் ஆயிரக்கணக்கில் துவக்குகள் வந்து குவிந்த காலத்தில், ஐந்து தோட்டாக்கள் என்ன பொருட்டு என்று அன்று நினைத்தேன். பத்திரிகைத் தொழிலில் முப்பதாண்டுகள் சாவுகளை எண்ணி எழுதியவன் நான். இன்று அப்படி நினைக்க முடியவில்லை.

யானைகள் இன்றும் இறங்குகின்றன. 2023இல் மட்டும் இலங்கையில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் மாண்டார்கள். மாமா இல்லை. துவக்கு போன இடமும் தெரியாது. கண்டியிலே அதன் ஒவ்வோர் உறுப்பையும் தட்டித் தடவிப் பார்த்தோம். இனி அது யார் கைக்குப் போகும் என்று மட்டும் அன்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அனுமதிப்பத்திரத்தைக் கிழிக்க மனமின்றி, மீண்டும் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.