நிமிந்து பெருக்குற மிஷின்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னிக்கு எழுதப்போறது வாக்குவம் கிளீனர் பத்தி. சிரிக்காதீங்க மக்களே, மேட்டர் கொஞ்சம் சீரியஸ்.

மொதல்ல ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2022ல கம்பெனி என்னை டல்லாஸ் பக்கம் ஆன்சைட் அனுப்புச்சு. மூணு பேர் சேர்ந்து ஒரு அபார்ட்மெண்ட். சமையலறை, பாத்ரூம் தவிர மிச்சம் எல்லாம் சுவத்துக்கு சுவர் கார்ப்பெட். இதுல எப்படி பெருக்குறதுன்னு முழிச்சப்போ, ஏற்கனவே அங்க இருந்த தெலுங்கு நண்பர் அலமாரியில இருந்து ஒண்ணை இழுத்துட்டு வந்தார். நம்ம இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடி, கீழ அகலமா ஒரு வாய், நடுவுல கண்ணாடி மாதிரி ஒரு டப்பா. அதுதான் அப்ரைட். படுக்க வைக்காம, நிக்க வெச்சே ஓட்டுற வாக்குவம்.

சனிக்கிழமை பெருக்குற முறை என்னுது. மொத நாள் அஞ்சு நிமிஷத்துல டப்பா பாதி ரொம்பிடுச்சு. சுத்தமா இருக்குன்னு நெனச்ச கார்ப்பெட்ல இருந்து இவ்ளோ குப்பையா! அதுக்கப்புறம் அந்த மிஷின் மேல ஒரு லவ்வே வந்துடுச்சு. கீழ வாய்க்குள்ள ஒரு உருளை பிரஷ் சுத்தும். அது கார்ப்பெட்டைத் தட்டித் தூசியைக் கிளப்பிவிடும், கிளம்புனதை மோட்டார் உறிஞ்சிடும். அவ்ளோதான் சூட்சுமம். பின்னாடி லேபிள்ல 120 வோல்ட், 12 ஆம்ப்னு போட்டிருக்கும். பெருக்கிப் பாத்தா 1440 வாட். ஊர்ல நம்ம மிக்சி மாதிரி ரெண்டு மடங்கு!

ஒரு சனிக்கிழமை மிஷினை ஓட்டிக்கிட்டே வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா ஸ்கிரீன்ல மூஞ்சியை ஒட்டி வெச்சுப் பாத்துட்டுக் கேட்டாங்க.

"என்னடா பண்ற?"

"பெருக்குறேம்மா."

"பெருக்குறியா? நிமிந்துக்கிட்டே பெருக்குற?"

நான் சிரிச்சுட்டேன். கட் பண்ணினதுக்கப்புறம் சிரிப்பு வரல.

எங்க வீடு வில்லியனூர் பக்கம். திருக்காமீசுவரர் கோயில்ல இருந்து சைக்கிள் மிதிச்சா பத்து நிமிஷம். அப்பா மில்லு வேலை. மில்லு மூடினதுல இருந்து வீட்டுலதான். அம்மா ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல பெருக்குற வேலை. காலையில மணி அடிக்கிறதுக்குள்ள பன்னெண்டு கிளாஸ் ரூம் முடிக்கணும். நான் சென்டாக்ல சீட்டு வாங்கி இன்ஜினியரிங் சேந்தப்போ ஹாஸ்டல் வேணாம்னு பஸ்லயே போய்வந்தேன். அந்த நாலு வருஷ பஸ் காசு, செமஸ்டர் ஃபீஸ்ல பாதி, எல்லாம் அந்தப் பன்னெண்டு ரூம்ல இருந்து வந்ததுதான்.

பள்ளிக்கூடத் தூசின்னா சாதாரணத் தூசி இல்ல. சாக்பீஸ். கரும்பலகைக்குக் கீழ மாவு மாதிரி படிஞ்சிருக்கும். பூந்துடைப்பம் பட்டா கிளம்பி மூஞ்சிக்கே வரும். குனிஞ்சு பெருக்குறவங்களுக்கு மூக்கும் அந்தத் தூசிக்குப் பக்கத்துலயே இருக்குது பாருங்க. அம்மாவுக்கு இளைப்பு எப்போ ஆரம்பிச்சதுன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. நான் பத்தாவது படிக்கறப்போ ராத்திரியில விசில் சத்தம் மாதிரி மூச்சு கேக்கும். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் குடுத்துட்டு, "தூசி பக்கம் போகாதீங்க"ன்னார். அம்மா தலையை ஆட்டிட்டு மறுநாள் காலையில வேலைக்குப் போயிட்டாங்க. வேற என்ன பண்றது?

ஸோ, அந்த வீடியோ கால் அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. இந்த மிஷினை யார் கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு தேடினேன். ஏதாவது பெரிய விஞ்ஞானியா இருக்கும்னு நெனச்சேன். இல்லீங்க.

1901லயே இங்கிலாந்துல ஹூபர்ட் செசில் பூத்னு ஒரு இன்ஜினியர் உறிஞ்சுற மிஷின் பண்ணிட்டார். ஆனா அது குதிரைவண்டி சைஸ். வண்டியைத் தெருவுல நிறுத்திட்டு ஜன்னல் வழியா நீளமான குழாயை உள்ள விடுவாங்க. பணக்கார வீட்டு சமாச்சாரம். நாம இன்னிக்குப் பாக்குற அப்ரைட்டுக்குத் தாத்தாவைப் பண்ணினவர் ஜேம்ஸ் மரே ஸ்பேங்ளர். அமெரிக்காவுல ஒஹாயோ மாகாணத்துல கேன்டன்னு ஒரு ஊர். அங்க ஒரு பெரிய கடையில ராத்திரியில பெருக்குற வேலை அவருக்கு. வயசு அறுபதை நெருங்கிடுச்சு. அவருக்கு ஆஸ்துமா. கார்ப்பெட் பெருக்கும்போது கிளம்புற தூசியில மூச்சு வாங்குது. வேலையை விடவும் முடியாது.

மனுஷன் என்ன பண்ணினார்? ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு சோப்புப் பெட்டி, ஒரு துடைப்பக் கம்பு, தூசியைப் பிடிக்க ஒரு தலைகாணி உறை. எல்லாத்தையும் சேத்துக் கட்டிட்டார். 1908ல பேட்டன்ட் கிடைச்சுது. பெருசா தயாரிக்கக் கையில காசு இல்ல. தெரிஞ்சவங்க வழியா விஷயம் வில்லியம் ஹூவர்ங்கிறவர்கிட்டப் போச்சு. அவர் குதிரைக்குச் சேணம் மாதிரி தோல் சாமான் பண்றவர். மோட்டார் கார் வந்ததுல அந்த வியாபாரம் ஆட்டம் கண்ட நேரம். பேட்டன்டை வாங்கினார். அப்புறம் இங்கிலாந்துல வாக்குவம் போடுறதுக்கே 'ஹூவர்' பண்றதுன்னு பேர் வர்ற அளவுக்குப் போயிடுச்சு.

நான் திரும்பத் திரும்ப யோசிச்சது அந்த ஒரு விஷயத்தைத்தான். பெருக்குற வேலை, இளைப்பு, வேலையை விட முடியாத நிலைமை. இது எங்கம்மா கதை ஆச்சே!

2023ல திரும்பி வரும்போது அந்த மிஷினையே எடுத்துட்டு வரலாம்னு ஆசை. ஆனா அது 120 வோல்ட் சாமான். நம்ம ஊர் 230ல சொருகினா மோட்டார் புகைஞ்சுடும். 1440 வாட்டைத் தாங்குற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினா அதுவே ஒரு அம்மிக்கல் கனம் இருக்கும். அதனால இங்கயே வாங்கினேன். சும்மா இல்ல, ஒருவாரம் எக்ஸெல் ஷீட் போட்டு ஆராய்ச்சி! வாட், டெசிபல், வயர் நீளம், எடை, ஹெப்பா ஃபில்டர். (0.3 மைக்ரான் துகள்லகூட 99.97 சதவீதம் பிடிக்கணும், அதுதான் ஹெப்பா கணக்கு.) 800 வாட், நிக்க வெச்சு ஓட்டுறது, பை இல்லாத டப்பா மாடல்.

வீட்டுக்கு வந்ததும் தெருவே வேடிக்கை பாக்க வந்துடுச்சு. பக்கத்து வீட்டு சொல்தா தாத்தா வந்தார். (வெளியூர்க்காரங்களுக்கு: பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்களை இங்க 'சொல்தா'ன்னு சொல்றது. 1962ல பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேந்தப்போ பிரெஞ்சுக் குடியுரிமையையே வெச்சுக்கிட்ட குடும்பங்கள் நிறைய உண்டு.) அவர் பாத்ததும், "ஓ, அஸ்பிராத்தேர்!"ன்னார். அவர் வீட்ல ஒண்ணு இருக்கு, பாரீஸ்ல இருந்து வந்தது. உருண்டையா, சக்கரம் வெச்சு, நாய்க்குட்டி மாதிரி பின்னாடியே வரும். "ஆனா குழாயைப் பிடிச்சுக் குனியணும்டா. இது தேவலை"ன்னு சர்டிஃபிகேட் குடுத்துட்டுப் போனார்.

அம்மா ஒரு வாரம் தொடவே இல்ல. பழைய புடவைத் துணியைப் போத்தி மூலையில நிக்க வெச்சாங்க. ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சாங்க. அவ்ளோதான். நான் சென்னையில இருந்து ஃபோன்ல கத்துவேன். "கரண்ட் பில்லு ஏறும்", "சத்தம் காதைப் பொளக்குது"ன்னு பதில் வரும்.

மாறுனது எப்படின்னு கேளுங்க. ஒருநாள் சாயந்திரம் வெளக்கு வெச்சப்புறம் பொரி கொட்டிடுச்சு. வெளக்கு வெச்சப்புறம் பெருக்கினா லட்சுமி போயிடுவாளே! அம்மா ரெண்டு நிமிஷம் யோசிச்சிருக்காங்க. அப்புறம் துணியை எடுத்துட்டு மிஷினை ஆன் பண்ணிட்டாங்க. மறுநாள் கேட்டா, "இது பெருக்குறது இல்லடா, உறிஞ்சுறது"ங்கறாங்க. சட்டத்துல ஓட்டை கண்டுபிடிக்க எங்கம்மாகிட்டதான் கத்துக்கணும் :-)

அதுக்கப்புறம் செட் ஆயிடுச்சு. வாங்கப்போறவங்களுக்கு எங்க அனுபவம் கொஞ்சம்:

சுத்துற பிரஷ் கார்ப்பெட்டுக்குப் பண்ணினது. டைல்ஸ், சிமெண்ட் தரையில அரிசி, பொரி எல்லாத்தையும் சிதறடிக்கும். பிரஷ்ஷை நிறுத்துற வசதி இருக்கான்னு பாருங்க.

நீளமுடி இருக்குற வீடா? மாசம் ஒருதடவை பிரஷ்ல சுத்தின முடியைக் கத்தரிக்கோலால வெட்டி எடுக்கணும்.

கோலமாவு, விபூதி மாதிரி நைசான பொடி ஃபில்டரை ஒரே தடவையில அடைச்சுடும். ஃபில்டரைக் கழுவினா ஒருநாள் முழுக்கக் காயணும். ஈரத்தோட மாட்டாதீங்க.

பாகூர்க்கார நண்பன் ஒருத்தன் பேட்டரி மாடல் வாங்கினான். பாகூர்னா ஏரிப்பாசனம், எங்க பாத்தாலும் நெல்லு. அறுப்பு முடிஞ்சு நெல் மூட்டை அடுக்கின ரூம்ல ஓட்டியிருக்கான். அஞ்சு நிமிஷத்துல மோட்டார் சூடாகித் தானா நின்னுடுச்சு. "மிஷின் செத்துடுச்சுடா"ன்னு ராத்திரி ஃபோன். அடைப்பை எடுத்துட்டு, ஆற வெச்சு ஓட்டுன்னு சொன்னேன். ஓடுச்சு.

இப்போ சீரியஸ் மேட்டருக்கு வரேன்.

வாங்கி மூணு மாசம் இருக்கும். காலையில அப்பாகிட்ட இருந்து ஃபோன். அப்பா ஃபோன் பண்ணினாலே எனக்கு வயித்தைக் கலக்கும். அம்மாவுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க, நெபுலைசர் வெச்சிருக்காங்க. என்ன ஆச்சுன்னா, மிஷினோட டப்பா ரொம்பிடுச்சு. அம்மா பின்கட்டுல போய்த் தொறந்து, முறத்துல கொட்டி, டப்பாவைத் தட்டியிருக்காங்க. பத்துநாள் தூசி, அதுலயும் நைசான தூசி, மொத்தமா மூஞ்சியில.

என் எக்ஸெல் ஷீட்ல இருபது காலம் இருந்துச்சு. 'டப்பாவை யார் கொட்டுவாங்க'ன்னு ஒரு காலம் இல்ல. பை வெச்ச மாடல்னா பையோட கழட்டி மூடித் தூக்கிப் போட்டுடலாம். பை வாங்குற செலவு மிச்சம்னு நான்தான் டப்பா மாடல் வாங்கினேன். ஸ்பேங்ளர் தலைகாணி உறையை வெச்சுத் தூசியைப் பிடிச்சார். நான் இன்ஜினியரிங் படிச்சுட்டு அதைத் தொறந்து எங்கம்மா மூஞ்சியில கொட்ட வெச்சேன். அன்னிக்கு ஈ.சி.ஆர் பஸ்ல வரும்போது அழுதேன்னு சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல.

ரெண்டு நாள்ல அம்மா சரியாயிட்டாங்க. இப்போ ஏற்பாடு என்னன்னா, டப்பாவைப் பெரிய பிளாஸ்டிக் கவருக்குள்ள விட்டு, கவர் வாயைக் கையால இறுக்கிப் பிடிச்சு, உள்ளயே தொறந்து தட்டணும். அது அப்பா வேலை. மாஸ்க் போட்டுக்கிட்டுப் பண்றார். கல்யாணமான நாள்ல இருந்து வீட்டுக் குப்பையை அவர் தொட்டது இப்போதான்னு அம்மா ஊர் பூரா சொல்லிட்டாங்க.

அந்த ஆஸ்பத்திரி சமாச்சாரத்துக்கு அப்புறம் அம்மா பள்ளிக்கூட வேலையை விட்டுட்டாங்க. நான் சொன்னதுக்காக இல்ல. "படி ஏற முடியலடா"ன்னாங்க, அவ்ளோதான்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். சாப்பிடும்போது அம்மா மெல்ல ஆரம்பிச்சாங்க.

"ஏன்டா, இதை ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போவலாமா?"

அம்மாகூட வேலை செஞ்ச ரெண்டு பேர் இன்னும் அங்கதான் பெருக்குறாங்க. அதுல ஒருத்தங்களுக்கு இப்போ இருமல். சனிக்கிழமை சாயந்திரம் பள்ளிக்கூடத்துல கேட்டுக்கிட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸோட வண்டியில வெச்சு எடுத்துட்டுப் போனேன். அந்த அக்கா கைப்பிடியைப் பிடிச்சு நிமிந்து நின்னுக்கிட்டு ஒரு ரூம் முழுக்க ஓட்டினாங்க. சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு. "இடுப்பே வலிக்கல தம்பி!"

ரெண்டாவது ரூம் பாதியில மிஷின் உறிஞ்சுறதை நிறுத்திடுச்சு. சாக்பீஸ் மாவு ஃபில்டரை அடைச்சுடுச்சு. வீட்டுக்குப் பண்ணின மிஷின் அது, பன்னெண்டு ரூம் தாங்காது. அதுக்குன்னு பெரிய டிரம் மாதிரி, பை வெச்ச மிஷின்லாம் இருக்கு. விலையைச் சொன்னேன். ஆபீஸ் ரூம்ல இருந்தவர், "பாக்கலாம் தம்பி"ன்னார். நம்ம ஊர்ல 'பாக்கலாம்'னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

அந்த அக்கா பழையபடி தொடப்பத்தை எடுத்துக் குனிஞ்சாங்க. நானும் அம்மாவும் வெளிய வந்துட்டோம். வண்டியில பின்னாடி உக்காந்து மிஷினைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அம்மா கேட்டாங்க.

"அந்த வெள்ளைக்காரன் பெருக்குறவன்தானேடா? அவன் தனக்குப் பண்ணிக்கிட்டது. அது ஏன் பெருக்குறவங்களுக்கு மட்டும் வரல?"

ஸ்பேங்ளர் கதையை எப்பவோ ஒருதடவை சொல்லியிருந்தேன். மறக்கலை பாருங்க. எனக்கு பதில் தெரியல, வண்டியை ஓட்டிக்கிட்டே வந்தேன்.

பி.கு: அந்தப் பெரிய மிஷினுக்குப் பாதிக் காசு நான் போடுறேன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டு வந்திருக்கேன். பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டிருக்கேன், ரெண்டு பேர் கை தூக்கியிருக்காங்க. அதுவரைக்கும் அந்த ரெண்டு அக்காவுக்கும் மாஸ்க் வாங்கிக் குடுத்திருக்கேன். பெருக்குறதுக்கு முன்னாடி லேசாத் தண்ணி தெளிச்சுக்கவும் சொல்லியிருக்கேன். பள்ளிக்கூடத்துலயோ ஆபீஸ்லயோ பை வெச்ச பெரிய மிஷின் ஓட்டின அனுபவம் யாருக்காவது இருந்தா சொல்லுங்க மக்களே. எக்ஸெல் ஷீட்டை நம்பி மறுபடியும் ஏமாற நான் தயாரா இல்ல.