ஆறு டப்பா வத்தக்குழம்பு

குவாஹாட்டிக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து நளபாகம்தான். தங்கமணியும் பிள்ளைகளும் படிப்புக்காகத் திருச்சியில். தீபாவளிக்கு அப்புறம் அம்மா வந்திருந்தார். ஊருக்குக் கிளம்புமுன் வத்தக்குழம்பு வைத்து, இறக்கும்போது அரிசி மாவு கரைத்து விட்டு, ஆறு டப்பாக்களில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போனார்.

முதல் டப்பாவை எடுத்து உருகவிட்டால்... மேலே தண்ணீர், கீழே திப்பி திப்பியாக மாவு. கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டேன்.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். வெந்த மாவிலுள்ள ஸ்டார்ச் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். உறையும்போது தண்ணீர் பனிக்கட்டியாகப் பிரிந்துவிட, அமைலோஸ் என்ற ஸ்டார்ச் இழைகள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பனி உருகினாலும் பழைய பிடிப்பு வருவதில்லை. சோள மாவு போட்ட சூப்புக்கும் இதே கதிதான். ஆனால் கெட்டுப்போனது இல்லை! கொதிக்கவிட்டுக் கிளறினால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். மீதி ஐந்து டப்பாவும் அப்படித்தான் தீர்ந்தன.

இங்கே அசாமில் பிஹு பலகாரத்துக்குப் போரா சாவுல் என்று ஒட்டுகிற அரிசி உண்டு. அதில் அமைலோஸ் மிகக் குறைவு. அந்த மாவைக் கரைத்து விட்டு நான் வைத்த குழம்பு, உறைந்து உருகியும் அவ்வளவாகப் பிரியவில்லை. தனியாகக் காலம் தள்ளும் ரங்கமணிகள் குறித்துக்கொள்ளவும்.

"ஆறு டப்பாவும் சாப்பிட்டியாப்பா?" போனில் அம்மா.

"சாப்பிட்டேம்மா."

கேஷ் கணக்கில் பத்து ரூபாய் இடித்தாலும் ராத்திரிவரை உட்கார்ந்து தேடுகிறவன் நான். இந்தக் கணக்கை மட்டும் அப்படியே மூடிவிட்டேன்.