போரும் புதிரும் உலாவும்

ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு நாங்கள் குடிவந்து ஆறு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. பூங்காவிற்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய வீட்டின் மாடியில் எங்கள் வாடகை இல்லம் இருக்கிறது. சாளரத்தைத் திறந்தால் மரக்கிளைகள் கைக்கு எட்டும். திருநெல்வேலி வெயிலில் வளர்ந்த எங்களுக்கு இந்தக் குளிர்ச்சியே ஒரு பேறாகத் தோன்றியது. ஆனால் எங்கள் மகன் தன் அறையின் சாளரத்தைத் திறப்பதே இல்லை. வெளிச்சம் பட்டால் திரை மங்குகிறது என்பது அவன் சொல்லும் காரணம்.

அவனுக்கு வயது பதினாறு. பிள்ளைகள் வீடியோ கேம் என்று வழங்கும் ஆட்டத்தில்தான் அவனுடைய ஓய்வு நேரம் முழுவதும் கழிந்தது. சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன்பு ஒரு நாள், இரவு பதினொரு மணிக்கு மேலும் அவன் அறையிலிருந்து துப்பாக்கி ஓசை கேட்டது. நாங்கள் பொறுமை இழந்தோம். பிளேஸ்டேஷன் கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அவன் சினக்கவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. "சரி அப்பா" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான். அதன் பிறகு ஒன்பது நாட்கள், தேவைக்கு மேல் ஒரு சொல்லும் அவன் எங்களிடம் பேசவில்லை. சண்டையிட்டிருந்தால் தாங்கியிருப்போம். அந்த மௌனம் எங்களை அச்சுறுத்தியது.

தீபாவளிக்கு ஊரிலிருந்து ஆச்சி வந்திருந்தார்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அது என்ன ஆட்டம் என்று நீங்கள் இரண்டு பேரும் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுண்டா? பார்க்காமலே தீர்ப்பு எழுதலாமா?" என்று வினவினார்கள். எங்களிடம் விடை இல்லை. மறு ஞாயிறன்று அலமாரியைத் திறந்தோம். ஆச்சி நாற்காலியிலும் நாங்கள் தரையிலும் அமர்ந்தோம். எங்கள் மகன் ஐயத்தோடு எங்களைப் பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினான்.

அந்த ஆட்டத்தின் பெயர் அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி. அமெரிக்காவிலுள்ள நாட்டி டாக் என்னும் நிறுவனம் உருவாக்கிய அது 2017-ஆம் ஆண்டில் வெளிவந்தது. குளோயி, நடீன் என்னும் இரு பெண்கள் விநாயகரின் தந்தம் ஒன்றைத் தேடிச் செல்வதே கதை. அவர்கள் தேடிச் செல்லும் இடத்தைக் கண்டதும் நாங்கள் வியப்படைந்தோம். அது மேற்குத் தொடர்ச்சி மலை. தேடப்படுவது ஹொய்சளர்களின் செல்வம். நாம் குடிபுகுந்திருக்கும் இந்தக் கன்னட நாட்டின் பழைய அரச மரபு அது. தமிழில் இவர்களைப் போசளர் என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தமிழகத்திலும் கால் ஊன்றியவர்கள். திருச்சிக்கு அருகே கண்ணனூரில் உள்ள போசளீசுவரர் கோயில் அவர்கள் பெயரை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அறைக்குள் அடைந்து கிடக்கிறான் என்று நாங்கள் எண்ணிய பிள்ளை, நாங்கள் ஒரு முறையும் அழைத்துச் செல்லாத மலையில் அத்தனை நாளும் திரிந்துகொண்டிருந்தான்.

இத்தகைய ஆட்டங்களில் மூன்று கூறுகள் உண்டு என்று அவன் விளக்கினான். பகைவரோடு பொருதல் ஒன்று. பூட்டிக் கிடக்கும் வழியை அறிவினால் திறக்கும் புதிர் ஒன்று. புதிய நிலத்தில் மனம் போன போக்கில் திரிதல் ஒன்று. போர், புதிர், உலா என நாங்கள் அவற்றிற்குப் பெயரிட்டுக்கொண்டோம். ஆட்டம் நன்றாக அமைவதும் கெடுவதும் இம்மூன்றின் அளவைப் பொறுத்தது.

அந்த ஆட்டத்தின் நான்காம் பகுதி இதற்கு நல்ல சான்று. அகன்ற சமவெளி ஒன்றில் ஜீப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு விடுகிறார்கள். நடுவில் உள்ள கோபுரத்தில் ஏறிப் பார்த்தால், சூலம், கோடரி, வில் எனும் சின்னங்களை உடைய மூன்று கோட்டைகள் தொலைவில் தெரிகின்றன. எதற்கு முதலில் செல்வது என்பது ஆடுபவர் விருப்பம். வழியில் அருவியைக் கண்டால் நிற்கலாம், சிதைந்த மண்டபங்களில் மறைந்துள்ள பழைய காசுகளைத் தேடலாம், தேடாமலும் போகலாம். கோட்டை வாயிலில் காவலர் இருந்தால் மோதலாம். புல்லில் பதுங்கிக் கடந்தும் செல்லலாம். கோடரிக் கோட்டையின் உள்ளே துப்பாக்கிக்கு வேலை இல்லை. நாம் ஒரு மேடையிலிருந்து மற்றொன்றிற்குத் தாவுந்தோறும் அங்குள்ள கற்சிலைகளும் அசைகின்றன. எண்ணித் தாவாதவனைக் கோடரி வீழ்த்திவிடும்.

மூன்றையும் சமபங்காக அளந்து வைத்துவிட்டால் போதாதா என்று நாங்கள் கேட்டோம். ஆச்சிதான் விடை கூறினார்கள். "ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. எண்ணிக்கை சமமா? இல்லை. புலிக்கு வெட்டும் வலிமை உண்டு. ஆட்டுக்கு வழியை அடைக்கும் வலிமை உண்டு. ஆகவே ஆட்டம் சமம்." நாங்கள் பின்னர் சில நூல்களையும் உரையாடல்களையும் தேடிக் கற்றவற்றை இந்த ஒரு சொல்லே சுருக்கிச் சொல்லிவிட்டது.

போர் மிகுந்தால் கை விரைகிறது. கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. பத்தாவது பகைவனுக்குப் பிறகு பதினோராவது பகைவன் அச்சம் தருவதில்லை, சலிப்பையே தருகிறான். புதிர் நீண்டுவிட்டால் கதை நின்று, ஆடுபவன் பள்ளித் தேர்வில் அமர்ந்தவன் போலாகிறான். உலா மட்டுமே இருந்தால் சில நாழிகையில் நோக்கம் கரைந்துவிடுகிறது. ஒன்றன்பின் ஒன்று வரும்போதோ, ஒவ்வொன்றும் மற்றதற்கு ஓய்வாகவும் ஆயத்தமாகவும் நிற்கிறது. உலாவில் கண்ட ஓவியம் புதிருக்குத் துப்பாகிறது. புதிர் திறந்த கதவு போர்க்களத்தில் கொண்டுவிடுகிறது. போர் முடிந்தபின் கேட்கும் பறவை ஒலி, போரில்லாமல் கேட்டிருந்தால் இவ்வளவு இனிக்காது.

இக்கலையின் முன்னோடி ஒருவர் ஜப்பானில் இருக்கிறார். ஷிகேரு மியாமோட்டோ என்பது அவர் பெயர். சிறு வயதில் கியோட்டோவுக்கு அருகே மலைப்புறங்களில் தனியே திரிந்து, ஒரு குகையைக் கண்டு, விளக்கோடு உள்ளே சென்ற அனுபவம் அவர் மனத்தில் நிலைத்தது. 1986-இல் வெளிவந்த தி லெஜண்ட் ஆஃப் செல்டா என்னும் ஆட்டம் அந்த நினைவிலிருந்து பிறந்தது. அதில் ஒரு வெடிகுண்டு கிடைக்கிறது. அது பகைவனை வீழ்த்தும். பாதாள அறையின் சுவரை உடைத்து வழி காட்டும். மலைச்சரிவில் மறைந்த குகையையும் திறக்கும். ஒரே பொருள் போருக்கும் புதிருக்கும் உலாவிற்கும் பயன்படுவதால் மூன்றும் தனித்தனித் துண்டுகளாக நில்லாமல் ஓர் உடலாகின்றன.

அளவு தவறிய கதைகளும் உண்டு. டூம் ரைடர் என்னும் ஆட்டம் 1996-இல் வந்தபோது, பாழடைந்த கல்லறைகளில் தனிமையில் தாவித் திரிவதே அதன் உயிராக இருந்தது. 2013-இல் அதனைப் புதுப்பித்தபோது போர் ஓங்கிவிட்டது. புதிர்க் கல்லறைகள் சிறியனவாய், விரும்பினால் நுழையலாம் என்ற நிலைக்குத் தாழ்ந்தன. பழைய அன்பர்கள் குறைபட்டுக்கொண்டனர். அடுத்து வந்தவற்றில் கல்லறைகள் மீண்டும் பெருகின. 2018-இல் வந்த பகுதியில் ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள்: போரின் கடுமை, புதிரின் கடுமை, உலாவின் கடுமை ஆகிய மூன்றையும் ஆடுபவரே தனித்தனியாகக் கூட்டவும் குறைக்கவும் இடம் தந்தனர். எல்லார்க்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதை ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. நம் நாட்டிலும் புனே நகரத்து நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் நிறுவனம் உருவாக்கிய ராஜி என்னும் ஆட்டம் 2020-இல் வெளிவந்தது. அதன் கோட்டைகளும் கதை சொல்லும் நிழற்பாவைகளும் கண்ணுக்கு விருந்து. போரை நோக்கப் புதிர்கள் எளியன என்பது எங்கள் கருத்து.

இவ்வளவும் கற்ற பின்னரே எங்கள் மகன் ஆடும் முறை எங்கள் கண்ணில் பட்டது. அவன் சமவெளியில் எங்கும் நிற்கவில்லை. அருவியைப் பார்க்கவில்லை. புதிர் வந்ததும் கைப்பேசியை எடுத்து, பிறர் விடுத்த விடையைப் பார்த்து அப்படியே செய்தான். போர் வந்தபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஏன் என்று கேட்டோம்.

"நேரம் வீணாகும், அம்மா. திங்கட்கிழமை தேர்வு இருக்கிறது."

அவன் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் அச்சொல் எங்கள் நெஞ்சில் தைத்தது. காலை ஆறு மணிக்கு ஒரு தனிப்பயிற்சி, பிறகு பள்ளி, மாலையில் இன்னொரு தனிப்பயிற்சி, இரவு வீட்டுப்பாடம். அவன் நாளை வகுத்தவர்கள் நாங்கள். அதில் புதிருக்கு இடம் இல்லை. விடை தெரிந்தால் போதும். உலாவிற்கோ ஒரு நாழிகையும் இல்லை. அயலூரில் பிழைக்க வந்தவர் பிள்ளை பிந்திவிடக் கூடாதே என்ற அச்சத்தில், நாங்கள் அவனுக்குப் போரை மட்டும் கொடுத்திருந்தோம். ஆறு ஆண்டுகள் ரிச்சர்ட்ஸ் டவுனில் வாழ்ந்த பிள்ளைக்குப் பள்ளி வண்டி செல்லும் வழியைத் தவிர வேறு தெரு தெரியாது. அந்த ஆட்டத்தை ஆக்கியவர்கள் அளந்து வைத்திருந்த ஓய்வைக்கூட ஓய்வாகக் கொள்ள அவனுக்குத் தெரியவில்லை. அதை நாங்கள் கற்பிக்கவில்லை.

கைப்பேசியை எடுத்து வைக்கும்படி நாங்கள் சொல்லவில்லை. ஆச்சி சொன்னார்கள். ஓரிடத்தில், சிலைகளைத் திருப்பி அவற்றின் நிழல் சுவரில் உரிய உருவமாகச் சேருமாறு அமைக்க வேண்டும். அவன் சிலைகளையே பார்த்துக் குழம்பினான். இளமையில் ஊர்த் திருவிழாக்களில் தோற்பாவைக் கூத்துப் பார்த்தவர்கள் ஆச்சி. "பாவையைப் பார்க்காதே ஐயா, நிழலைப் பார்" என்றார்கள். அரைமணி நேரம் ஆயிற்று. நிழல்கள் கூடி உருவம் அமைந்தபோது அவன் திரும்பி ஆச்சியைப் பார்த்துச் சிரித்தான். ஒன்பது நாள் மௌனம் அத்தோடு முடிந்தது.

மார்கழி விடுமுறையில் ஹளேபீட்டிற்குச் சென்றோம். இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல். துவாரசமுத்திரம் என்று முன்னாளில் வழங்கிய போசளர் தலைநகரம் அது. ஹொய்சளேசுவரர் கோயில் 1121-ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்றது. 2023-இல் பேலூர், சோமநாதபுரம் கோயில்களோடு சேர்த்து உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ அதனை ஏற்றது. ஆட்டத்தில் கண்ட வானளாவிய சிலைகள் அங்கே இல்லை. அவை கலைஞரின் கற்பனை. "உண்மையானது சிறியது, அப்பா" என்றான் முதலில். பிறகு சுவரை ஒட்டிக் குனிந்தான். அடிவரிசையில் யானைகள் அணிவகுத்துச் செல்கின்றன. மாக்கல்லில் செதுக்கிய அந்த யானைகளைத் தொடர்ந்து கோயிலின் கோண மூலைகளை எல்லாம் சுற்றி வந்தான். நாங்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். காலைத் தனிப்பயிற்சியை நிறுத்தினோம். அடுத்த தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்தது. உறவினர் சிலர் எங்களைக் கண்டித்தனர். அன்றிரவு நாங்களும் தூங்கவில்லை. எனினும் நிறுத்தியதை மீண்டும் தொடங்கவில்லை. இரவு பத்து மணிக்குக் கருவியை அணைப்பது என்ற உடன்பாட்டை அவன் பெரும்பாலும் காக்கிறான். சில நாள் தவறுகிறான். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மூவரும் நடக்கிறோம். சென்ற வாரம் பூங்காவிற்குப் பின்னால் ஒரு சந்தின் முன் அவன் நின்றான்.

"இது எங்கே போகிறது?"

ஆறு ஆண்டுகளாக அவ்வழியே நடந்தவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரியவில்லை. "போய்ப் பார்ப்போமே" என்று அவன் முன்னால் நடந்தான்.

அயலூரில் இல்லறம் நடத்தும் அன்பர்களுக்கு நாங்கள் அறிவுரை கூறத் தகுதி உடையவர்கள் அல்லர். பட்டதைச் சொல்கிறோம். பிள்ளை ஆடும் ஆட்டத்தைப் பூட்டுமுன் ஒரு மாலை அவன் அருகில் அமருங்கள். அதன் உறையில் வயது வரம்பு அச்சிட்டிருக்கும்; முதலில் அதைப் பாருங்கள். நாங்கள் கண்ட ஆட்டத்திற்கு ஐரோப்பாவில் 16 வயது என்று வரம்பிட்டிருக்கிறார்கள். அது சிறு பிள்ளைகளுக்கு உரியது அன்று. பிறகு, அவன் எங்கே நிற்கிறான், எதைத் தாண்டி ஓடுகிறான் என்று பாருங்கள். அவன் நாளில் போர் எவ்வளவு, புதிர் எவ்வளவு, உலா எவ்வளவு என்பது அங்கே தெரிந்துவிடும். அந்த நாளை வகுத்தவர் யார் என்பதும் தெரியும்.